பாலத்தில் மலையேறப் பழகினேன்

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு ஏற்றம் என்றால் விலையேற்றம் மட்டும்தான் தெரியும். எங்கள் ஊர் தோசைக்கல் மாதிரி. கீரிமலை என்று ஓர் இடம் இருக்கிறது. போய்ப் பார்த்தால் மலைக்குப் பதிலாகக் கேணி இருக்கும். பத்து வயதில் சைக்கிள் பழகி, எழுபது வயதுவரை ஓடி, ஒரு தடவைகூட ஏற்றத்தைக் கண்ணால் காணாமல் ஒருவர் இங்கே நிம்மதியாகச் செத்துப்போகலாம். எதிர்க்காற்று ஒன்றுதான் நாங்கள் அறிந்த மலை. (சோளகக் காத்து வீசுற மாசத்திலை கரவெட்டியிலையிருந்து தொண்டைமானாத்துப் பக்கம் ஓடிப் பாருங்கோ, விளங்கும்.)

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, என்னுடைய இருபத்தொன்பதாவது வயதில், நான் மலையேறிச் சைக்கிள் ஓடுவதற்குப் பயிற்சி எடுத்தேன். அதனால் என் முன்பல்லில் ஒரு மூலை போனது. ஒரு கலியாணம் போனது. மூன்று ஊர்களில் என்னைப் பற்றி ஒரு செய்தி நிலைத்துப்போனது.

பழியில் முதற்பங்கு அத்தானுக்கு. அக்காவின் கணவர். இணையத்தில் மாப்பிள்ளை தேடுகிற ஓர் இடத்தில் எனக்காகப் படிவம் நிரப்பியவர் அவர். அதற்கு முந்தைய வருடம் ஒரு லண்டன் மாப்பிள்ளை, அழைப்பிதழ் அச்சாகி வந்தபிறகு, வேண்டாம் என்றுவிட்டார். (அந்த அழைப்பிதழின்ரை பின்பக்கத்திலைதான் அம்மா ஒரு வரியமாக் கடைச் சாமான் எழுதி அனுப்பினவா.) அதனால் இந்தத் தடவை எல்லாவற்றையும் கவனமாகச் செய்யவேண்டும் என்று அத்தான் கணினிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். பொழுதுபோக்கு என்ற இடம் வந்தது.

“வாசிப்பு எண்டு போடும் தம்பி,” என்றார் அம்மா.

“எல்லாரும் அதைத்தான் போடுறவை மாமி. ஒருத்தரும் ஒண்டும் வாசிக்கிறேல்லை,” என்று சொன்ன அத்தான் யன்னலால் எட்டிப் பார்த்தார். வெளியே என்னுடைய லேடீஸ் சைக்கிள், முன்கூடையில் வெண்டைக்காயுடன் நின்றது. ‘சைக்கிளோட்டம்’ என்று அடித்துவிட்டார். அது பொய்யும் இல்லை. கரவெட்டியில் ஓர் அலுவலகத்தில் எனக்கு எழுதுவினைஞர் வேலை. தினமும் அதிலேதான் போய்வந்தேன்.

ஆனால் சுவிஸிலே இருந்து அதை வாசித்த கபிலனுக்கு வேறு மாதிரி விளங்கியது. அவர் மலையடிவார நகரம் ஒன்றில் இருந்தார். சனி, ஞாயிறுகளில் சைக்கிளில் மலை ஏறுவதுதான் அவருடைய உயிர். முதல் தடவை போனில் கதைத்தபோது, சுகமா என்று கேட்ட கையோடு இதைக் கேட்டார்.

“நீங்களும் சைக்கிள் ஓடுவியள் எண்டு கண்டன். உங்களுக்கு ஏத்தம் விருப்பமோ, இறக்கம் விருப்பமோ?”

நல்ல குரல். ஆறுதலாக, கனிவாக, எதிரிலே இருந்து கதைப்பதுபோல. அந்தக் குரல் உங்களுக்கு முதலை விருப்பமா என்று கேட்டிருந்தாலும் நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

“ஏத்தந்தான்,” என்றேன்.

அந்த ஒரு சொல்லை விழுங்கியிருந்தால் இந்தக் கதை இல்லை. அவர் மகிழ்ந்துபோனார். ஆவணியில் வருவதென்றும், கலியாண எழுத்து முடிந்த கையோடு இரண்டு பேருமாக நுவரெலியாவுக்குப் போய் நாலு நாள் சைக்கிள் ஓடுவதென்றும் திட்டமாயிற்று. எனக்கு நாலு மாதம் இருந்தது. உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் நாலு மாதம் மலையேறப் பழகுவதைத் தெரிவுசெய்தேன். என் புத்தி அப்படி.

கபிலன் வட்ஸ்அப்பில் குரல் பதிவுகளாக உத்திகளை அனுப்பினார். ஏற்றம் தொடங்க முதலே கியரைக் குறைக்கவேண்டும். (என்ரை சைக்கிளிலை இருந்த ஒரே கியர், இறங்கித் தள்ளுறது.) உச்சியைப் பார்க்கக்கூடாது, முன்சில்லுக்கு ஆறடி முன்னாலே மட்டும் பார்க்கவேண்டும். மூச்சை வயிற்றால் எடுக்கவேண்டும். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. இருந்தபடியே சீராகப் பெடலை உழக்கவேண்டும். எழும்பி நின்று உழக்குவது கடைசி ஆயுதம். பாரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கவேண்டும். கடைசியாக, மனது: “காலுக்கு முதல் மனந்தான் களைக்கும். உங்களோடை நீங்களே கதைச்சுக்கொண்டு ஓடுங்கோ.”

நான் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். மலைதான் வேண்டியிருந்தது.

தொண்டைமானாற்றுக்கு இந்தப் பக்கம் கடல்நீரேரிக்கு மேலே ஒரு பாலம் இருக்கிறது. நடுவில் கொஞ்சம் முதுகு தூக்கியிருக்கும். மலைநாட்டுக்காரர் கண்டால் அதை மேடு என்றும் சொல்லமாட்டார்கள். எங்களுக்கு அதுதான் இமயம். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். விடிந்தும் விடியாத நேரம் போய், இந்தப் பக்கத்தால் ஏறி, அந்தப் பக்கத்தால் இறங்கி, திரும்பி ஏறி, பத்துத் தடவை ஓடுவது என்று தீர்மானித்தேன். வீட்டில் கோயிலுக்குப் போவதாகச் சொன்னேன். அலுவலகத்தில் யாருக்கும் மூச்சுவிடவில்லை. கலியாணம் சரிவந்தபிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

அந்தப் பாலத்தில் காலையில் நாலைந்து பேர் வீச்சுவலை வீசிக்கொண்டு நிற்பார்கள். இறால், மணலை, திரளி, எது பட்டாலும். அவர்களிலே ஒருவர் மட்டும் எப்போதும் பாலத்தின் நடுவில், மற்றவர்களை விட்டுத் தள்ளி நிற்பார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒடிசலான ஆள். நான் முக்கி முனகி மேலே வரும்போதெல்லாம் வலையை வீசாமல் கையிலே வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பெண் பிள்ளை சைக்கிள் ஓடுவதை இதுவரை கண்டதில்லையா என்று ஒரு நாள் முறைத்தும் விட்டேன்.

அவர் என்னத்தைக் கண்டார் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. ஒரு பெண். போன வருடம் கலியாணம் குழம்பிய பெண் என்று ஊருக்கே தெரியும். விடியப்புறம் தனியே வருகிறாள். பாலத்தின் உச்சியில் இறங்கி, செருப்பைக் கழற்றி, கம்பியோரம் சோடியாக வைக்கிறாள். (செருப்புப் பெடலிலை வழுக்கும்.) சங்கிலியையும் மணிக்கூட்டையும் கழற்றிக் கைப்பையில் போட்டு, போனையும் வைத்து, பையைச் செருப்புக்குப் பக்கத்தில் வைக்கிறாள். (பாரம் குறைக்கிறாவாம்.) பிறகு வெறுங்காலுடன் மேலும் கீழும் ஓடுகிறாள். ஒவ்வொரு தடவையும் உச்சியில் நின்று, கம்பியைப் பிடித்து, தண்ணீரையே பார்த்து மூச்சு வாங்குகிறாள். தன்னோடு தானே கதைக்கிறாள். இப்படி ஒரு நாள் இல்லை, பதினெட்டு நாள்.

பத்தொன்பதாவது நாள் நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். அதுவரை எட்டுத் தடவைக்கு மேல் ஏறியதில்லை. அன்றைக்குப் பத்தையும் ஓடி, கபிலனுக்கு அதைப் பெருமையாகச் சொல்லவேண்டும் என்று இருந்தது. பத்தாவது ஏற்றத்தில் எழும்பி நின்று உழக்கினேன். வாயிலே மந்திரம் மாதிரி ஒரே வசனம். “இண்டைக்கு முடிச்சிட வேணும். இண்டைக்கு எப்பிடியும் முடிச்சிட வேணும்.” உச்சிக்கு வந்ததும் கண் இருண்டது. சைக்கிளை அப்படியே விட்டுவிட்டுக் கம்பியில் போய் விழுந்தேன். வாந்தி எடுப்பதற்காகக் கம்பிக்கு வெளியே பாதி உடம்பைத் தள்ளிக் குனிந்தேன்.

அப்போதுதான் வலை வந்தது.

அந்த ஒடிசலான மனிதர் பத்தடி தூரத்தில் நின்றார். ஓடிவந்து பிடிக்க நேரமிருக்காது என்று நினைத்தாராம். கையில் இருந்தது வலைதான். விரித்து வீசினார். வாழ்நாள் முழுக்க வீசிய கை, ஓர் அங்குலமும் பிசகவில்லை. தலையிலிருந்து இடுப்புவரை விழுந்து, ஈயக்குண்டுகள் சுற்றிவந்து, ஒன்று என் வாயிலே பட்டது. கயிறு இறுகியது. அடுத்த கணம் நான் றோட்டில் மல்லாந்து கிடந்தேன். வலைக்குள் நானும், முந்தி அகப்பட்ட இரண்டு இறாலும். இறால்களில் ஒன்று என் தலைமயிருக்குள் துடித்துக்கொண்டிருந்தது.

“விடுங்கோ, விடுங்கோ என்னை.”

“விடமாட்டன் பிள்ளை.”

“நான் ஒண்டும் செய்யேல்லை அண்ணை. நான் ஏத்தம் ஓடிப் பழகிறன்.”

“என்ன ஏத்தம்?”

“மலை ஏத்தம். சுவிஸுக்கு.”

அவர் கயிற்றை இன்னொரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டார். வாயிலே இரத்தத்துடன், வெறுங்காலுடன், பாலத்தில் கிடந்துகொண்டு, சுவிஸிலே மலையேறப் பழகுகிறேன் என்று சொல்கிற பெண்ணை நானும் விட்டிருக்கமாட்டேன். மற்றவர்கள் வலைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பருத்தித்துறைக்குப் போகிற பஸ் ஒன்று நின்றது. யன்னல்கள் எல்லாவற்றிலும் தலைகள். தலைகளுக்கு மேலே போன்கள்.

அந்தச் சனத்துக்கு நடுவில், கயிற்றை விடாமல் எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அந்த மனிதர் மெல்லிய குரலில் கதைத்தார். எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி.

“என்ரை பிள்ளையும் உப்பிடித்தான். செருப்பைக் கழட்டி, சோடியா வைச்சிட்டுத்தான். உதிலைதான்.”

நான் துடிப்பதை நிறுத்திவிட்டேன்.

“அஞ்சு வரியமாச்சு. அவள் நாலைஞ்சு நாள் விடியப்புறமா வெளிக்கிட்டுப் போனவள். நான் கண்டனான். கோயிலுக்கு எண்டு சொன்னவள். எங்கையடி போறாய் எண்டு வடிவா ஒரு சொல்லுக் கேக்கேல்லைப் பிள்ளை. அதுக்குப் பிறகு நான் இதிலைதான் நிக்கிறன். மீன் அங்காலைதான் கூடப் படும்.”

அவர் பெயர் சின்னராசா என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். எனக்கு வாயிலே எல்லா விளக்கமும் இருந்தது. “அண்ணை, நான் சாகமாட்டன்,” என்று மட்டும் சொன்னேன். அதை அவர் சத்தியமாக எடுத்துக்கொண்டார். ஆனாலும் கயிற்றை விடவில்லை. அத்தான் வந்தபிறகு, கயிற்றின் நுனியை அவருடைய கையில் கொடுத்துவிட்டுத்தான் எழும்பினார், கன்றுக்குட்டியைக் கைமாற்றுவதுபோல.

வீட்டில் என்ன நடந்தது என்று விரித்துச் சொல்ல விருப்பமில்லை. அம்மா அழவில்லை. அதுதான் பயங்கரம். கத்தி, கத்தரிக்கோல், தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து எல்லாம் அயல்வீட்டுக்குப் போயின. கிணற்றுக்கு அத்தான் பலகை அடித்தார். அக்கா குளியலறைக் கதவின் கொண்டியைக் கழற்றினாள். சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டப்பட்டது. நான் உண்மையைச் சொன்னேன். கொப்பியைக் காட்டினேன். குரல் பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். “பாரத்தைக் குறைக்க வேணும்… கடைசி ஆயுதம்… மனந்தான் களைக்கும்…” என்று கபிலனின் கனிவான குரல் கூடத்தில் ஒலித்தது. எல்லாவற்றையும் கேட்ட அம்மா, “உவனோ உன்னைச் சாகச் சொன்னவன்?” என்றார்.

அத்தான் மட்டும் நம்பினார். அவருக்குத்தான் படிவம் ஞாபகம் இருந்தது. முகம் கறுத்துப்போய், “நான் வாசிப்பு எண்டே போட்டிருக்கலாம்,” என்று இரண்டு தடவை சொன்னார்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் பஸ்ஸில் எடுத்த படம் கனடாவுக்குப் போய்த் திரும்பிவிட்டது. வலைக்குள் நான், வாய் திறந்தபடி. சுவிஸுக்கும் போனது. கபிலன் பின்னேரம் வீடியோ அழைப்பு எடுத்தார். அவர் என் உடைந்த பல்லைத்தான் முதலில் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏத்தந்தான் என்று சொன்ன நாளிலிருந்து வலைவரை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக உண்மை பேசியது அன்றைக்குத்தான்.

அவர் முழுவதையும் கேட்டு முடித்தார்.

“பொய் சொன்னது பெரிய விசயமில்லை,” என்றார் கடைசியில். “என்ரை அம்மா பயப்பிடுறா.”

“நீங்கள்?”

“நானும் கொஞ்சம்.”

அந்தக் கொஞ்சத்திலே கலியாணப் பேச்சு முடிந்தது. அவரைக் குறைசொல்ல மாட்டேன். பேசி முடிக்கும்போது, “சைக்கிளை விட்டிடாதேங்கோ,” என்றார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார்.

அலுவலகத்தில் என்னோடு எல்லாரும் மெதுவாகக் கதைக்கத் தொடங்கினார்கள். கடுதாசி கட்டுகிற ஊசியை என் மேசையிலிருந்து யாரோ எடுத்துவிட்டார்கள். லீவு போட்டேன். முதற்கிழமை ஏழு நாளும் கோபத்தில் போனது. யார் கேட்டாலும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு விளக்கம் சொன்னேன். இரண்டாம் கிழமை விளக்கம் அலுத்துவிட்டது. மூன்றாம் கிழமை நான் எழும்பவில்லை.

அந்த மூன்றாம் கிழமையைப் பற்றி வீட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை. இரண்டு வருடத்தில் இரண்டு தடவை கலியாணம் குழம்பியது. ஊர் முழுக்க ஒரு படம். எல்லாரும் நினைக்கிற மாதிரியே நான் இருந்துவிட்டால் என்ன என்று ஓர் எண்ணம் வந்தது. கோபமாக வரவில்லை, அழுகையாகவும் வரவில்லை. சும்மா வந்து கட்டிலில் பக்கத்தில் இருந்தது. பலகை அடித்த கிணறு எனக்கு வேடிக்கையாக இல்லை.

வேடிக்கை என்னவென்றால், சின்னராசா அண்ணை அந்த வலை நாளுக்கு மறுநாளிலிருந்து தினமும் எங்கள் வீட்டு வாசல் படலைக்கு வந்தார். வலை வீசி முடித்து, ஏழு மணிபோல, சைக்கிளைப் படலையில் சாய்த்துவிட்டுக் கேட்பார். “பிள்ளை எழும்பிட்டாவோ?” அம்மா ஓம் என்பார். “கண்டிட்டுப் போறன்.” நான் வெளியே வந்து முகத்தைக் காட்டவேண்டும். காட்டினால், கொண்டுவந்த இறாலை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். புத்தி சொல்வதில்லை. ஒன்றும் கேட்பதுமில்லை. முதலில் எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. என் பல்லையும் கலியாணத்தையும் உடைத்தவர், தினமும் வந்து தன் சாமானைப் பார்த்துவிட்டுப் போகிறாரே என்று. ஒரு நாள் வேண்டுமென்றே அறைக்குள் கிடந்தேன். அவர் போகவில்லை. வெயில் ஏறுகிறவரை படலையடியில் நின்றார். இறால் பழுதாகப் போகிறது என்று அம்மா வந்து என்னை எழுப்பினார்.

மூன்றாம் கிழமையில் முகம் காட்ட மட்டும்தான் எழும்பினேன். அதில் ஒரு நாள், ஏழு மணி ஆகியும் படலைச் சத்தம் கேட்கவில்லை. ஏழேகால். ஏழரை. நான் கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருப்பதை எட்டு மணிக்குத்தான் கவனித்தேன். அவருடைய சைக்கிளின் ரயர் காற்றுப் போய், தள்ளிக்கொண்டு வந்திருந்தார். “சொணங்கிப்போச்சுப் பிள்ளை,” என்றார். நான் போய்ப் பம்பை எடுத்துவந்து கொடுத்தேன். அன்றைக்குக் குளித்தேன். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

நுவரெலியாவை இன்றுவரை நான் காணவில்லை. பிறகு சாவகச்சேரியில் ஒருவரைக் கலியாணம் செய்தேன். நல்ல மனிதர், அவருக்குச் சைக்கிள் ஓடவே தெரியாது. பல்லின் மூலையை வைத்தியர் அடைத்துவிட்டார். ஆனால் கதையை அடைக்க முடியவில்லை. ஒன்பது வருடமாக எந்தக் கலியாணவீட்டிலும் அத்தான் அந்த வலையை வீசாமல் விடுவதில்லை. எந்தச் செத்தவீட்டிலும் யாராவது ஒரு கிழவி என்னை மேலும் கீழும் பார்த்து, “இவதானே பாலத்திலை…” என்று தொடங்குவார். நானும் விடாமல், “இல்லையம்மா, அது ஏத்தம் ஓடிப் பழகினனான்,” என்று முதலிலிருந்து தொடங்குவேன். ஒருவரும் நம்பியதில்லை.

போன மாசியில் சின்னராசா அண்ணை காலமானார். நித்திரையிலே போனார். அத்தானும் நானும் போனோம். முற்றம் நிறையச் சனம். உள்ளே அவருடைய மனைவி என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்து, பக்கத்தில் இருத்தி, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவுகளுக்குக் காட்டினார்.

“இந்தப் பிள்ளையைத்தான் அவர் காப்பாத்தினவர். மகளை விட்டிட்டன், இவளை விடேல்லை எண்டு சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர். அப்பிடித்தானே பிள்ளை?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தான் தொண்டையைச் செருமினார். நான் ஏற்றத்தின் கதையைத் தொடங்கப்போகிறேன் என்று அவர் பயந்தது எனக்குத் தெரிந்தது.

“ஓம் அம்மா,” என்றேன்.

திரும்பி வரும்போது பாதி வழியில் அத்தான் என் பக்கம் திரும்பினார். “ஒன்பது வரியமாச் சண்டை பிடிச்சனி. இண்டைக்கு என்னண்டு ஓமெண்டு சொன்னனி?” என்று கேட்டார். அந்த வீட்டிலே வேறு என்னத்தைச் சொல்வது என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது அவர் கதையைச் சொல்லும்போது முடிவை மாற்றிவிட்டார். வலை, இறால், சுவிஸ் எல்லாம் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்துவிட்டு, “கடைசியிலை இவளே ஒத்துக்கொண்டிட்டாள்,” என்று என்னைக் காட்டி முடிக்கிறார். சனம் இன்னும் ஒருமுறை சிரிக்கும். நானும் சிரிப்பேன். திருத்துவதில்லை.